இடக்கையால் கொடுத்த பன்றித்தலை

பழந்துணிகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றும் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். என் அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். ஊசி எந்த அளவு, நூலுக்குச் சாயம் எப்படி என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்கு நல்ல புத்தகங்கள் இருக்கின்றன, என்னைவிடப் பொறுமையான ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று இருக்கிறது. கையில் ஊசியும் முன்னால் அழுகிற ஒரு மனிதரும் இருக்கும்போது என்ன செய்வது என்பது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் முட்டாள்தனம் ஒன்றும் இதில் வரும். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் மொன்றியலுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மெர்சி' இரண்டும்தான். சென்ட் லோரன்டில் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு சிப் தைத்துக்கொண்டிருந்தேன். அதே கட்டடத்தின் மேல்மாடியில் இருந்த பழந்துணிப் பட்டறையில் கையால் நுணுக்கமாகத் தைக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏறிப் போய்க் கேட்டேன். பிறகு முப்பது வருடம் இறங்கவில்லை. பட்டறைத் தலைவி ஒரு கியூபெக் பெண்மணி. பாராட்டுக்கும் அவருக்கும் வெகுதூரம். என்றைக்காவது "மோசமில்லை" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு எங்கள் வீட்டில் பாயாசம்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன் நடந்தது இது. புரோசார்டிலிருந்து ஒரு தம்பதி பட்டறைக்கு வந்தார்கள். சிவநேசன் அண்ணை விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி பத்மா அக்கா வீட்டிலேயே கார்டரி என்ற குழந்தைகள் காப்பகம் வைத்து ஊர்ப்பட்ட பிள்ளைகளை வளர்த்தவர். அவர்களுக்கு ஒரே மகள், ஆரணி. பல்கலைக்கழகத்தில் பிரான்ஸ் நாட்டுப் பழைய சித்திரச் சீலைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவள். சித்திரச் சீலை என்று நான் சொல்வது, சுவரில் தொங்கவிடுவதற்காகக் கம்பளி நூலால் படமாகவே நெய்யப்பட்ட பெரிய துணி. ஆராய்ச்சி பாதியில் இருக்கும்போதே நோய் வந்து, இருபத்தேழு வயதில் அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

இரண்டு வருடம் பெற்றோர் எதுவும் செய்யவில்லை. பிறகு ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் ஒரு சித்திரச் சீலையை வாங்கினார்கள். நகரத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்கு அதை அன்பளிப்பாகக் கொடுப்பது, அதன் கீழே 'ஆரணி நினைவாக' என்று எழுதி வைப்பது என்பது அவர்கள் எண்ணம். பாரிசில் இருந்த அரச நெசவுக்கூடத்தில் நெய்யப்பட்டது என்று வியாபாரி ஒரு கடிதம் கொடுத்திருந்தார். அந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் அருங்காட்சியகத்தாரும் ஆர்வம் காட்டினார்கள். சீலையைப் பழுதுபார்த்து ஓர் அறிக்கையோடு அனுப்புங்கள், குழு கூடி முடிவு சொல்லும் என்றார்கள்.

"பிள்ளையின்ர பேர் இந்த ஊரில ஒரு சுவரிலயாவது இருக்க வேணும், தங்கச்சி," என்றார் பத்மா அக்கா. "வேற ஒண்டும் எங்களுக்கு வேண்டாம்."

சீலையைப் பெரிய மேசையில் விரித்தோம். ஒரு காடு, நாய்கள், ஊதுகொம்பு, ஈட்டிகள். நடுவில் ஓர் இளைஞன் காட்டுப்பன்றியின் தலையை ஒரு பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தான். கிரேக்கப் புராணக் கதை. கோபம்கொண்ட தெய்வம் ஒன்று ஊரை அழிக்க அனுப்பிய பன்றியை மெலியாகர் என்ற வீரன் கொல்கிறான். ஆனால் முதல் அம்பைப் பாய்ச்சியவள் அத்தலாந்தா என்ற வேட்டைக்காரி. ஆகவே வெற்றியின் மரியாதை அவளுக்கே என்று பன்றித்தலையை அவளிடம் கொடுக்கிறான். வியாபாரியின் கடிதத்தில் இப்படித்தான் இருந்தது.

நான் பார்த்தேன். எனக்குச் சரியாகப் படவில்லை.

"அண்ணை, இது மரியாதை செய்யிற படம் மாதிரித் தெரியேல்லை," என்றேன். "இடக்கையால குடுக்கிறான். அவளும் இடக்கையால வாங்கிறாள். ஆரும் மரியாதையை இப்பிடிக் குடுப்பினமோ? இது ஏதோ அவமதிக்கிற கதை."

சிவநேசன் அண்ணை குனிந்து பார்த்தார். "ஓம், எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. வடிவாய்ச் சொன்னியள்."

பத்மா அக்காவின் முகம் வாடிவிட்டது. "பிள்ளையின்ர நினைவுக்கு வைக்கிறதுக்கு இப்பிடி ஒரு படமே எங்களுக்கு வாய்க்க வேணும்?"

மூன்று யாழ்ப்பாணத்தார் கூடி நின்று, ஒரு கிரேக்க வீரனுக்குப் பழக்கவழக்கம் போதாது என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். அதோடு விட்டேனா? அறிக்கையின் முதல் பக்கத்திலேயே 'படத்தின் கதை சந்தேகத்துக்குரியது, கொடுக்கும் கை இடக்கை' என்று எழுதியும் வைத்தேன்.

அடுத்த நாள் தலைவி அதைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எந்தக் கையால் கொடுப்பாய்?"

"வலக்கையால்."

"வலக்கையில் பை இருந்தால்?"

"பையைக் கீழே வைத்துவிட்டு வலக்கையால்."

அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எந்தக் கை சும்மா இருக்கிறதோ அந்தக் கையால் கொடுப்பதுதான் இங்கே வழக்கம் என்றார். அது எனக்குத் தெரியாததா? எங்கள் தெருமுனை டிப்பனரில், அதாவது சின்னப் பலசரக்குக் கடையில், இருந்த பெண் மிச்சக் காசை இடக்கையால் நீட்டுகிறாள் என்று இரண்டு வருடம் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்தவள் நான். அவள் என்னை அவமதிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளவே அத்தனை காலம் பிடித்தது. அதே பிழையை மேசைக்குக் கொண்டுவந்து, சீலைக்குச் சொந்தக்காரியான உரித்தாளி ஒருத்தியின் மனத்தையும் நோகடித்திருந்தேன். உடனே பத்மா அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, நான் சொன்னது பிழை, படம் மரியாதைப் படம்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். பிழையை ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போட்டால் பிறகு வாய் வராது.

ஆனால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய படத்தில் வலக்கையால் ஏதாவது செய்கிறவன் ஒருவனாவது இருக்கிறானா பார்ப்போம் என்று பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். கொம்பு ஊதுகிறவன் இடக்கையால் பிடித்திருந்தான். ஈட்டி எறிகிறவனும் இடக்கைதான். மெலியாகரின் வாளைப் பார்த்தேன். வலது இடுப்பில் தொங்கியது. அதை இடக்கையால்தான் உருவ முடியும். ஒருவன் இடக்கைக்காரனாக இருக்கலாம், ஒரு காடே இடக்கைக்காரர்களாக இருக்க முடியுமா?

தலைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

விளக்கம் எளிதுதான். கிடையான தறியில் நெய்யும்போது ஓவியத்தைப் பாவு நூல்களின் கீழே விரித்து வைப்பார்கள். நெய்கிறவர் மேலே குனிந்து, சீலையின் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் நெய்வார். நெய்து முடித்துத் திருப்பினால் படம் இடம் வலமாக மாறியிருக்கும். ஓவியர் வரைந்த வலக்கை சீலையில் இடக்கையாகிவிடும். நிமிர்ந்த தறியில் அப்படி ஆகாது. வியாபாரியின் கடிதமோ இது நிமிர்ந்த தறியில் நெய்தது என்றுதான் பெரிதாகப் புகழ்ந்திருந்தது.

"ஆனால் அவசரப்படாதே," என்றார் தலைவி. "பாரிசிலும் கிடைத்தறிகள் இருந்தன. இது சந்தேகம், சாட்சி அல்ல."

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நான் சொன்ன காரணம் முழுப் பிழை. ஆனால் என் கண் கண்டது பிழையில்லை. எங்கள் வீடுகளில் சின்ன வயதில் இடக்கையை நீட்டினால் அடி விழுந்தபடியால்தான், மற்றவர்கள் கவனிக்காத ஒன்று எனக்கு உறுத்தியது. உங்கள் காரணத்தைக் கேட்டு ஆட்கள் சிரிக்கும்போது வெட்கத்தில் நீங்கள் கண்டதையும் சேர்த்து எறிந்துவிடாதீர்கள்.

சீலையின் பின்னால் தைத்திருந்த உள்துணி இற்றுப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டியது எங்கள் வேலையிலேயே இருந்தது. மூன்று நாள் பொறுமையாகத் தையல் பிரித்தோம். பின்பக்கம் வெளியே வந்தது. வெயில் படாத நிறங்கள். முன்னால் சாம்பலாகிப்போன காடு அங்கே பச்சையாக நின்றது. அந்தப் பக்கம் மெலியாகர் வலக்கையால் கொடுத்துக்கொண்டிருந்தான், அத்தலாந்தாவும் வலக்கையாலேயே வாங்கிக்கொண்டிருந்தாள்.

கீழ் ஓரத்தில் மண்ணிறப் பட்டி ஒன்று தைக்கப்பட்டிருந்தது. சீலையைவிடப் புதியது. அதை நீக்கியபோது மடித்துத் தைத்த ஒரு விரல் அகல நீலக்கரை வெளியே வந்தது. அதில் அரையோடு வெட்டுப்பட்ட எழுத்துகள். ஓர் ஊரின் பெயர், ஒபூசோன்.

பிரான்ஸின் நடுவில் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் அது. அரண்மனைக்கு அல்ல, வசதியான வீடுகளுக்கு நெய்த ஊர். குடும்பம் குடும்பமாகத் தங்கள் வீடுகளில் கிடைத்தறி வைத்து நெய்தார்கள். ஊர்ப் பெயரை நீலக்கரையில் நெய்து காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு காலத்தில் சட்டமே இருந்தது. யாரோ அந்தக் கரையை வெட்டி, மிச்சத்தை மடித்து, மேலே வேறு பட்டி தைத்து, ஒபூசோனில் பிறந்ததைப் பாரிசில் பிறந்ததாக்கியிருந்தார்கள். யார் செய்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. வியாபாரிக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். தெரியாததை நான் அறிக்கையில் எழுதவில்லை, நீங்களும் எழுதாதீர்கள்.

"கண்டது நீ, அறிக்கையும் உன்னுடையது, கையெழுத்தும் உன்னுடையது," என்றார் தலைவி. அவருக்கு வேறு நகரத்தில் இரண்டு நாள் வேலை. புதன்கிழமை மத்தியானத்துக்குள் அறிக்கை அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும், வியாழக்கிழமை குழு கூடுகிறது. அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போது கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் வேண்டுமென்றேதான் போயிருக்கிறார் என்று தோன்றுகிறது.

கெட்ட செய்தி உரித்தாளிக்குக் கடிதத்தில் போகக் கூடாது, எங்கள் வாயால் போக வேண்டும். திங்கட்கிழமை புரோசார்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். செவ்வாய்க்கிழமை காலை சிவநேசன் அண்ணை தனியாக வந்தார். நீலக்கரையைக் காட்டினேன். அவர் குனிந்து அந்த அரை எழுத்துகளைக் கூட்டி வாசித்தார்.

"இதால என்ன வரும்?"

"மியூசியக்காரர் வேண்டாம் எண்டு சொல்லக்கூடும், அண்ணை. அவைக்குப் பாரிஸ் சீலைதான் தேவை. ஒபூசோன் சீலை அவையிட்ட ஏற்கெனவே இருக்கு."

"நீங்கள் எழுதுறது பழுதைப் பற்றின அறிக்கைதானே? எங்க நெய்தது எண்டு ஆரும் உங்களிட்டக் கேட்டதோ?"

"இல்லை."

"அப்ப நான் பொய் எழுதச் சொல்லேல்லை, தங்கச்சி. எழுதாம விடுங்கோ எண்டுதான் கேக்கிறன்."

மேசையில் புதிய உள்துணி வெட்டித் தயாராக இருந்தது. ஊசியில் நூலும் கோத்திருந்தேன். அதைத் தைத்துவிட்டால் இன்னும் ஐம்பது வருடத்துக்கு அந்தக் கரையை யாரும் பார்க்கப் போவதில்லை. அவர் சொன்னதும் சட்டப்படி சரி. என்னிடம் கேட்டது பழுதைப் பற்றி மட்டும்தான். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் தைத்துவிட ஆசைப்பட்டேன். எனக்கும் ஆரணி வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அவள் உயிரோடு இருக்கிறாள் என்பது அவர் முன்னால் நிற்கும்போது குற்றம்போல இருந்தது.

ஆனால் கரையை வெட்டி மடித்ததும் ஒரு காயம்தானே. முந்நூறு ஓட்டைகளை எழுதிவிட்டு, எல்லாவற்றிலும் பெரிய வெட்டை எழுதாமல் விட்டால் அது என்ன பழுது அறிக்கை? இன்னொன்றும் இருந்தது. என்றைக்காவது எவரோ ஒரு கெட்டிக்காரர் இதைத் திறப்பார். அன்றைக்கு அந்தப் பொய்க்குக் கீழே எழுதியிருப்பது வியாபாரியின் பெயரும் அல்ல, என் பெயரும் அல்ல. ஆரணியின் பெயர்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. ஆரணி இதைத் திறந்து பாத்திருந்தா என்ன எழுதியிருப்பா?"

அவர் முகம் சிவந்தது. "அவளை இதுக்குள்ள இழுக்காதையுங்கோ! தமிழாள், எங்கட மனம் விளங்கும் எண்டு நம்பித்தானே உங்களிட்டக் கொண்டு வந்தனாங்கள். ஒரு வெள்ளைக்காரியிட்டக் குடுத்திருந்தாக்கூட இவ்வளவு கதைச்சிருக்க மாட்டாள்."

"தமிழாள் எண்டபடியாத்தான் முதல்ல உங்களுக்குச் சொன்னனான், அண்ணை. நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்புவன். எழுதப்போறதை இப்பவே சொல்லிக் காட்டட்டோ?"

அவர் கேட்க நிற்கவில்லை. கதவு படாரென்று அடித்தது. நான் கழிவறைக்குப் போய்ப் பத்து நிமிடம் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதினேன். நீலக்கரை பற்றி மூன்றே வசனம். கண்டதை எழுதினேன், எங்கே கண்டேன் என்று எழுதினேன், படம் எடுத்து இணைத்தேன். புதன்கிழமை பத்து மணிக்கு அனுப்பினேன்.

அருங்காட்சியகத்தின் பதில் மிகவும் மரியாதையாக இருந்தது. இரண்டு பந்தியில் நன்றி, ஒரு வரியில் 'வேண்டாம்'.

சிவநேசன் அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்தினார். கோயிலில் என்னைக் கண்டால் மற்றப் பக்கமாகச் சுற்றிப் போவார். சீலை சுருட்டியபடி எங்கள் பட்டறை அலுமாரித் தட்டிலேயே கிடந்தது. ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் நான் தேநீர் போடப் போக வேண்டும். சரியானதைச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். அது தெரிந்தும் மனம் ஆறவில்லை. ஒரு மாதம் அப்படிப் போனது. பிறகுதான் எனக்கு உறைத்தது. உண்மையைச் சொன்னதோடு என் வேலை முடிந்ததென்று நினைத்திருக்கிறேன். இல்லை, அது பாதி வேலைதான். உண்மையைச் சொல்லி ஒருவரின் கதவைச் சாத்தினால், அந்த உண்மையோடு திறக்கக்கூடிய வேறு கதவைத் தேடிப் போகவும் வேண்டும்.

நெசவும் துணியும் படிப்பிக்கும் ஒரு கல்லூரிக்குப் போய், சீலையை அன்பளிப்பாக ஏற்பார்களா என்று கேட்டேன். இவ்வளவு பெரிய சீலைக்குச் சுவர் இல்லை என்றார்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி போனேன். மண்டபத்தில் வெயில் விழுகிறது, சீலை கெட்டுவிடும் என்றார்கள். உண்மைதான். மூன்றாம் முறை அளவுநாடாவோடு போய், ஜன்னலே இல்லாத ஒரு பெரிய வகுப்பறையை நானே அளந்து, படம் கீறிக்கொண்டு கல்லூரி அதிபரின் முன்னால் உட்கார்ந்தேன்.

"கரை வெட்டுப்பட்ட, நிறம் போன சீலை எங்களுக்கு எதற்கு, மடாம்?" என்றார் அவர்.

"வெட்டுப்பட்டதால்தான் உங்களுக்கு வேண்டும்," என்றேன். "ஒரு துணிக்கு மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்பது முழுக்க இதில் இருக்கிறது. சுவரில் ஒட்டாதீர்கள். அறையின் நடுவில் தொங்கவிடுங்கள், மாணவர்கள் இரண்டு பக்கமும் பார்க்கட்டும். தொங்கவிடும் வேலையை நாங்கள் சனிக்கிழமைகளில் செய்து தருகிறோம்."

எங்களோடு வேலை செய்கிறவர்களைக் கேட்காமலே அவர்களுடைய சனிக்கிழமைகளையும் வாக்குக் கொடுத்துவிட்டேன். தலைவியிடம் பிறகு சொன்னபோது அவர் நாட்காட்டியைப் பார்த்து, எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் கேட்டார்.

மிச்சமிருந்தது சம்மதம். சிவநேசன் அண்ணை தொலைபேசியை எடுக்கவில்லை. புரோசார்டுக்கே போனேன். கதவைத் திறந்தவர் பத்மா அக்கா. ஆரணியின் படத்துக்கு முன்னால் உட்காரவைத்துத் தேநீர் தந்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். உள்ளே அறையில் சிவநேசன் அண்ணை இருமுவது கேட்டது, வெளியே வரவில்லை.

"படிக்கிற பிள்ளையள் பாப்பினமோ?"

"ஒவ்வொரு நாளும், அக்கா."

"சம்மதக் கடுதாசியைத் தாங்கோ. அவர் வைக்காட்டி நான் கையெழுத்து வைக்கிறன். அவள் எனக்கும் பிள்ளைதானே." பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொன்னார்: "பேரை மட்டும் இப்ப எழுத வேண்டாம். அவர் ஓமெண்டு சொல்லட்டும். அதுவரைக்கும் அந்த இடம் வெறுமையா இருக்கட்டும்."

சீலையைத் தொங்கவிட்ட சனிக்கிழமை பத்மா அக்கா வந்தார். அவருக்குப் பின்னால், குளிர்க்கோட்டைக் கழற்றாமல், சிவநேசன் அண்ணை. அவர் என்னைப் பார்க்கவில்லை. சீலையை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு பலகையில் ஒட்டியிருந்த விளக்கக் குறிப்புக்கு முன்னால் போய் நின்றார். பிரெஞ்சில் ஆறு வரி. ஒபூசோன் என்ற ஊரில் கிடைத்தறியில் நெய்யப்பட்டது. நெய்தவர்களின் பெயர் தெரியாது. ஊர்ப் பெயர் கொண்ட நீலக்கரை பிற்காலத்தில் வெட்டப்பட்டது. அரச நெசவுக்கூடத்தில் நெய்தது என்ற கூற்றுக்கு ஆதாரம் இல்லை. இப்படியே போய், கடைசி வரியில் 'நினைவாக' என்ற சொல்லும் அதற்குப் பக்கத்தில் வெற்றிடமும்.

விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். முடித்துவிட்டு மேலேயிருந்து மறுபடியும் வாசித்தார். நாங்கள் ஏணியைப் பிடித்தபடி நின்றோம்.

"இதில பிழை ஒண்டும் இல்லையோ, தங்கச்சி?"

ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு கதைத்த முதல் சொற்கள் அவை.

"இல்லை, அண்ணை. எல்லாம் கண்ணால கண்டு எழுதினது."

அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப பிள்ளையின்ர பேரைப் போடுங்கோ."